மூன்று சுழி ‘ண’வில் தொடங்குங்கள்: தடித்த, துள்ளலான தமிழ் எழுத்துரு பற்றி

கேள்வி: “பாளையங்கோட்டையில் தின்பண்டக் கடை தொடங்குகிறோம். கடைப் பெயரில் ‘அண்ணாச்சி’ என்ற சொல் வருகிறது. கருப்பட்டி மிட்டாய், சுக்குக் கருப்பட்டி, மஸ்கோத் அல்வா எல்லாம் பையில் அடைத்து விற்போம். பெயர்ப்பலகை, பை, விளம்பரத் தலைப்பு மூன்றுக்கும் குண்டாக, விளையாட்டாக ஒரே மாதிரி தமிழ் எழுத்து வேண்டும். டிசைன் போடும் இடத்தில் இருக்கிற எழுத்துக்கே அவுட்லைன் கொடுத்துத் தடிப்பாக்கித் தருகிறார்கள். பார்த்தால் மை கொட்டின மாதிரி இருக்கிறது. ஆயத்த எழுத்துரு போதுமா, புதிதாக வரைய வேண்டுமா?”

பதில்: பெயரை மட்டும் கையால் வரைந்துகொள்ளுங்கள். தலைப்புகளுக்கும் பண்டங்களின் பெயர்களுக்கும் அதோடு ஒட்டிப்போகிற ஆயத்த எழுத்துரு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பண்டங்கள் இருபது, முப்பது என்று பெருகி, ஆண்டு முழுக்க விளம்பரம் போகும் நிலை வந்தால், அப்போது முழு எழுத்துரு செய்வது செலவுக்குத் தகும். எந்த வழியில் போனாலும் ஒரு விஷயத்தை முதலில் பிடித்துக்கொள்ள வேண்டும். தமிழில் தடிப்பைத் தீர்மானிப்பது கறுப்பு அல்ல, எழுத்துக்குள் மிஞ்சுகிற வெள்ளை.

அவுட்லைன் போட்டது ஏன் கெட்டது என்று பார்த்தாலே இது விளங்கும். ‘ப’வின் நடு உயரத்தில் குறுக்கே ஒரு கோடு இழுங்கள், இரண்டு இடத்தில்தான் மை வெட்டும். அதே கோட்டை ‘ண’வில் இழுத்தால் ஐந்து, ஆறு இடத்தில் வெட்டும். அவுட்லைன் என்பது எல்லாக் கோட்டுக்கும் இரு பக்கமும் ஒரே அளவு சதை ஏற்றுவது. ‘ப’ அதைத் தாங்கும். ‘ண’வின் சுழிகள் அடைபட்டுப் போகும். உங்கள் ‘அண்ணாச்சி’யில் ‘ண்’, ‘ணா’ இரண்டும் அடுத்தடுத்து வருவதால் சொல்லின் நடுவயிறு அப்படியே இருண்டுவிட்டது. புள்ளியும் வீங்கி எழுத்தோடு ஒட்டிவிடும். மூலைகளில் முள் மாதிரி நீட்டிக்கொண்டிருந்தால் அவுட்லைனின் மூலை அமைப்பு கூராக இருக்கிறது என்று பொருள். அதை உருண்டையாக மாற்றினால் முள் போகும், அடைப்பு போகாது. அவசரத்துக்கு அவுட்லைன் போட்டே ஆக வேண்டுமென்றால் எழுத்தின் உயரத்தில் 2 சதவீதத்துக்கு மேல் போகாதீர்கள். ஃபோட்டோஷாப்பில் இருக்கும் பொய்த் தடிப்புப் பொத்தானும் இதே வேலையைத்தான் செய்கிறது.

ஆகவே வரைய உட்காரும்போது ‘அ’வில் தொடங்க வேண்டாம். மூன்று சுழி ‘ண’, பிறகு ‘ஞ’, ‘இ’, ‘ஐ’ என்று நெரிசலான எழுத்துகளை முதலில் வரையுங்கள். அவை எவ்வளவு தடிப்பைத் தாங்குகின்றனவோ அதிலிருந்து மற்றவற்றின் தடிப்பைக் கணக்கிட வேண்டும். எழுத்துரு மென்பொருளில் ஓர் எழுத்தை வரையும் கட்டத்தை 1000 அலகுச் சதுரம் என்று கொண்டு, தொடங்க ஓர் அளவு தருகிறேன். ‘ப’வின் உயரம் 600. அதன் நின்ற கோடு 140, கிடைக்கோடு 115. கிடைக்கோட்டையும் 140 என்றே வைத்தால் கண்ணுக்கு அது நின்ற கோட்டைவிடப் பருத்துத் தெரியும். குண்டு எழுத்தில் இந்த ஏமாற்றம் இன்னும் கூடும். ‘ட’, ‘ர’, கால் (‘ா’) ஆகியவற்றுக்கு 145 வரை போகலாம். ‘ன’, ‘ள’, ‘ழ’ போன்றவற்றுக்கு 120 முதல் 125. ‘ண’, ‘ஞ’, ‘இ’, ‘ஐ’ நான்குக்கும் 105 முதல் 110. எழுத்துக்குள் எங்கும் வெள்ளை 60 அலகுக்குக் கீழே போகக் கூடாது. 70 இருந்தால் நிம்மதி.

‘ண’வின் கோட்டை 105 என்று வைத்து ஐந்து வெட்டு என்று கணக்கிட்டால் மை மட்டும் 525. இடையே நான்கு வெள்ளை, தலைக்கு 100 என்றால் 400. ஆக அகலம் 925. அதையே 140 தடிப்பில் அதே அகலத்துக்குள் அடைத்தால் வெள்ளைக்கு மிஞ்சுவது 225, இடைவெளிக்கு 56. பலகையில் அது சமாளிக்கும், பையில் அடைபடும். இந்தத் தடிப்பு வேறுபாட்டைக் கண்டு பயப்பட வேண்டாம். 140ம் 105ம் அருகருகே நின்றாலும் கறுப்பின் மொத்த அடர்த்தி ஒத்துப்போவதால் வாசிக்கிறவருக்கு ஒரே தடிப்பாகத்தான் தெரியும். அளவுகோலை நம்பாமல், கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். எந்த எழுத்து கரும்புள்ளியாகத் துருத்துகிறதோ அதை இளைக்கவைக்க வேண்டும், எது ஓட்டையாகத் தெரிகிறதோ அதைச் சற்றுக் கொழுக்கவைக்க வேண்டும்.

ஓட்டை என்றால் முதலில் ‘ட’. அதன் பாதம் வலப்பக்கம் நீள, பாதத்துக்கு மேலே வெறுமையாகக் கிடக்கும். ‘கருப்பட்டி’யில் ‘ட்’டுக்கும் ‘டி’க்கும் நடுவே தெரியும் பள்ளம் அதுதான். தலைப்பு எழுத்தில் ‘ட’வின் பாதத்தைக் குறுக்கிவிடுங்கள், அடுத்த எழுத்தை நெருக்கிக் கொண்டுவாருங்கள். ‘டி’ தனி வடிவம், மேல் வளைவு அந்தப் பள்ளத்தைத் தானே மூடிக்கொள்ளும். கோடுகள் கூடும் இடங்களில், குறிப்பாக ‘க’வின் நடுவில், 15 முதல் 20 அலகுக்கு ஒரு சின்ன வெட்டு கொடுத்துவிட்டால் அச்சில் மை அங்கே கட்டிக்கொள்ளாது.

தடிக்கத் தடிக்க ஒன்று இன்னொன்றாக மாறும் எழுத்துகள் சில உண்டு. இவற்றுக்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள். ‘ர’வும் காலும் முதல் தொல்லை. இதற்கு நம் மாவட்டத்திலேயே நல்ல பரிசோதனைச் சொல் இருக்கிறது: ராதாபுரம். ‘ரா’வில் இரண்டும் ஒட்டி நிற்கின்றன, பிறகு ‘தா’, கடைசிக்கு முன்பு ஒரு ‘ர’. ‘ர’வின் கீழ்ச் சாய்வுக் கோடு தெளிவாக வெளியே நீண்டால்தான் சொல் பிழைக்கும். உருட்டும் ஆசையில் அதை மொட்டையாக்கிவிட்டால் எல்லாம் காலாகிவிடும். ‘ய’வின் நடுப் பள்ளம் மூடினால் ‘ப’ ஆகும். ‘எ’, ‘ஏ’ இரண்டுக்கும் உள்ள வேறுபாடு கீழே ஒரு சிறு இழுப்புதான். ஏர்வாடி என்று எழுதிப் பாருங்கள். ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் வேறுபாடு மேல் சுழியில்தான் இருக்கிறது. அந்தச் சுழிக்குள் வெள்ளை அடைபட்டால் ‘வே’ ‘வெ’ ஆகிவிடும். ‘திருநெல்வேலி’ என்ற சொல்லே இதற்குத் தேர்வுத்தாள் போல அமைந்திருக்கிறது: ஒரு ஒற்றைக் கொம்பு, ஒரு இரட்டைக் கொம்பு, மேலே வளையும் ‘ி’ விசிறி இரண்டு, கீழே இறங்கும் ‘ரு’, ஒரு புள்ளி. இதோடு மூலைக்கரைப்பட்டி, விக்கிரமசிங்கபுரம், நாங்குநேரி, ஸ்ரீவைகுண்டம், கடையநல்லூர் என்று நம் ஊர்ப் பெயர்களை எழுதிப் பார்த்தால் பெரும்பாலான சிக்கல்கள் வெளியே வந்துவிடும்.

துள்ளல் எங்கே வர வேண்டும் என்பதில் என் கருத்து கறாரானது. ஒவ்வொரு எழுத்திலும் ஒரு குறும்பு செய்தால் பெயர் படிக்காது, குறும்பு மட்டும்தான் தெரியும். இரண்டு, மூன்று முடிவுகளை எடுத்து அவற்றை எல்லா எழுத்திலும் விடாமல் பின்பற்றுங்கள். உதாரணமாக, கோட்டு முனைகள் எல்லாம் கருப்பட்டித் துண்டின் ஓரம் போல மழுங்கியிருக்கட்டும், கொம்பின் தொடக்கச் சுழி சற்றே பெருத்து நிற்கட்டும், ‘ி’ விசிறி ஒரே வீச்சில் எழுந்து கொழுத்து முடியட்டும். அவ்வளவு போதும். ‘ப’, ‘ட’, ‘ம’ போன்ற கட்டமான எழுத்துகளின் மூலையை 40 முதல் 60 அலகு ஆரத்தில் உருட்டலாம். அதற்கு மேல் உருட்டினால் பாதம் தரையில் நிற்காமல் ஆடும்.

உருண்டை வடிவம் நமக்கு அந்நியமில்லை. பாண்டிய நாட்டின் பழங்கல்வெட்டுகள் பல வட்டெழுத்து என்ற பழைய வளைவெழுத்தில் இருந்தவை; இராசராச சோழன் காலத்துக்குப் பிறகுதான் இங்கே இன்றைய தமிழெழுத்தின் முன்வடிவம் ஓங்கியது. வட்டெழுத்தை அப்படியே எடுத்தால் இன்று யாருக்கும் படிக்க வராது. ஆனால் கை எடுக்காமல் ஒரு வளைவு அடுத்த வளைவுக்குள் எப்படி இறங்குகிறது என்று பார்த்துக் கற்கலாம். மேல்நாட்டுப் பலூன் எழுத்தைப் பார்த்து ‘ல’வையும் ‘வ’வையும் ஊதுவதைவிட அது நல்ல பள்ளிக்கூடம்.

எழுத்துகள் மேலும் கீழும் குதிக்க வேண்டுமென்றால் உயரத்தில் 3 முதல் 5 சதவீதம் போதும். ஆனால் கொம்பும் அதன் மெய்யும் சேர்ந்தே ஏறி இறங்க வேண்டும். ‘நெ’யில் கொம்பு மேலே போய் ‘ந’ கீழே இறங்கினால் கண் அவற்றைப் பிரித்துவிடும். இடைவெளியிலும் அதே விதி: கொம்பு தன் எழுத்துக்கு அருகே, முன்னெழுத்துக்குத் தள்ளி. புள்ளிகளை மட்டும் ஒரு வரியில் ஒரே உயரத்தில் நிறுத்துங்கள். குதிக்கும் எழுத்துக்கு மேலே நிலையாக நிற்கும் புள்ளிதான் சொல்லைப் பிடித்துவைக்கும். புள்ளியின் விட்டம் நின்ற கோட்டைப் போல 1.3 மடங்கு, அதாவது 180 அலகு அளவில்; எழுத்துக்கும் புள்ளிக்கும் இடையே 75. இதயம், நட்சத்திரம், கடலைப் பருப்பு என்று புள்ளியை மாற்றச் சொல்லிக் கேட்பார்கள். ஒரு சொல்லில் ஒரு புள்ளி மாறினால் அழகு. ‘அண்ணாச்சி’யில் இருக்கும் இரண்டும் மாறினால் கண் அங்கேயே நின்றுவிடும்.

யானைத் துதிக்கை போல வளையும் பழைய ‘லை’, ‘ளை’, ‘ணை’ பற்றியும் கேள்வி வரும். 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபோது புழக்கத்திலிருந்து போன வடிவங்கள் இவை. பார்க்க அழகுதான். ஆனால் பள்ளிப் பிள்ளைகளுக்குப் படிக்க வராது. மிட்டாய் வாங்குவதில் பாதிப் பேர் அவர்கள். எழுத்துருவில் மாற்று வடிவமாக வைத்துக்கொள்ளலாம், பெயர்ப்பலகையில் வேண்டாம்.

ஆயத்த எழுத்துருக்களுக்கு வருவோம். கூகுள் ஃபான்ட்ஸில் கட்டணமின்றிக் கிடைப்பவற்றில் உங்கள் தேவைக்கு முதலில் பார்க்க வேண்டியது எக் டைப் நிறுவனம் செய்த பலூ தம்பி 2. எடை, அதாவது தடிப்பின் அளவு, 400 முதல் 800 வரை. 800இல் குண்டாக, மழுங்கிய முனைகளோடு இருக்கும், ‘ண’வும் மூச்சு விடும். காய்னி அதைவிடக் கொழுகொழுவென்று இருக்கும். ஒரே எடைதான், குறுஞ்சொற்களுக்கு நன்று. அனெக் தமிழ் துள்ளல் குறைந்தது, ஆனால் எடை 100 முதல் 800 வரையும் அகலம் இயல்பில் 75 முதல் 125 சதவீதம் வரையும் இழுத்துச் சுருக்கலாம். ‘சுக்குக் கருப்பட்டி மிட்டாய்’ என்று நீளும் பெயரைக் குறுகிய பையில் அடக்க இதுதான் கைகொடுக்கும். சாதாரண எழுத்துருவைப் பக்கவாட்டில் நசுக்கினால் நின்ற கோடு மெலிந்து கிடைக்கோடு தடித்து நிற்கும். அகலம் மாற்றும் வசதியோடு வரைந்ததில் அந்தக் கோளாறு இல்லை. கட்டமரன் 900 எடையில் தடிப்பு உண்டு, விளையாட்டு இல்லை. என் தேர்வைக் கேட்டால், தலைப்புக்குப் பலூ தம்பி 2, நீளப் பெயர்களுக்கு அனெக் தமிழ், கடைப் பெயர் கையால் வரைந்தது.

இவை ஓப்பன் ஃபான்ட் லைசென்ஸில் வருகின்றன. வணிகத்துக்குப் பயன்படுத்தலாம், பையில் அச்சிடலாம், லோகோ செய்யலாம். யாருக்கும் பணம் கட்ட வேண்டாம். எழுத்துருக் கோப்பைத் தனியாக விற்கக் கூடாது. மாற்றியமைத்து வெளியிட்டால் அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும், முதலில் செய்தவர் தமக்கென ஒதுக்கிவைத்த பெயர் இருந்தால் அதைச் சூட்டக் கூடாது. எழுத்துருவைக் கொண்டு செய்த லோகோ உங்களுடையதே. ஆனால் அதே எழுத்தை அடுத்த தெருக் கடையும் போடலாம் என்பதால்தான் பெயரை மட்டும் வரையச் சொல்கிறேன்.

முழு எழுத்துரு செய்வதானால் 247 எழுத்தையும் வரைய வேண்டியதில்லை. உயிர் 12, ஆய்தம், மெய்யின் உருவங்கள் 18, ஆக 31. உகர, ஊகாரம் எழுத்துக்கு எழுத்து மாறுவதால் அந்த 36ஐயும் தனித்தனியே வரைய வேண்டும். ‘ி’, ‘ீ’ சாதாரண எடையில் ஒட்டவைத்தால் போதும், குண்டு எழுத்தில் மோதும். எனவே அந்த 36ஐயும் வரைந்துவிடுங்கள். புள்ளி வைத்த மெய் 18, தனிக் குறிகள் 10. இதுவரை 131. ஜ, ஷ, ஸ, ஹ, ஶ, க்ஷ வரிசைக்கும் ‘ஸ்ரீ’க்கும் 37. எண்களும் நிறுத்தக்குறிகளும் ரூபாய்க் குறியும் சேர்த்தால் 200க்குச் சற்று மேலே முடியும். எழுத்துரு செய்யும் மென்பொருள்களில் கிளிஃப்ஸ், ஃபான்ட்லேப் ஆகியவை விலைக்கு, ஃபான்ட்ஃபோர்ஜ் இலவசம். தமிழுக்கான பழைய, புதிய இரண்டு ஸ்கிரிப்ட் டேக்கிலும் (இது தமிழெழுத்து என்று மென்பொருளுக்குச் சொல்லும் குறியீடு) எழுத்துகள் சேரும் விதிகளை எழுதுங்கள். ஒன்றை விட்டால் சில மென்பொருளில் புள்ளி தள்ளி நிற்கும். ‘ஸ்ரீ’யை ‘ஸ’ கொண்டும் ‘ஶ’ கொண்டும் தட்டச்சு செய்கிறார்கள். இரண்டுக்கும் அதே வடிவம் வர வேண்டும். நம் பக்கம் கடைப் பெயர்கள் பல ‘ஸ்ரீ’யில் தொடங்குவதால் இதை விட்டுவிடக் கூடாது.

எழுத்து நன்றாக இருந்தும் வடிவமைப்பு மென்பொருளில் உடையலாம். கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றால் தவறு எழுத்துருவில் இல்லை. மென்பொருள் இந்திய எழுத்துகளைக் கோக்கத் தெரியாமல் இருக்கிறது. பேஜ்மேக்கருக்கும் பழைய கோரல் பதிப்புகளுக்கும் யூனிகோட் தமிழ் வராது. இன்டிசைனில் வேர்ல்ட்-ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லஸ்டிரேட்டரில் இந்திய மொழி வசதியை இயக்க வேண்டும். அச்சகத்துக்குக் கொடுக்கும் முன் எழுத்துகளை வளைகோடாக மாற்றிப் பிடிஎஃப் கொடுங்கள். ஒன்றின்மேல் ஒன்று கிடக்கும் துண்டுகளை வெல்டு செய்து ஒரே வடிவமாக்குங்கள். இல்லாவிட்டால் வினைல் வெட்டும் பிளாட்டர் உள்ளே கிடக்கும் கோட்டையும் சேர்த்து வெட்டிவிடும்.

இனி பை. பிளாஸ்டிக் பையில் மை பரவும், நிறத்துக்குள் வெள்ளை எழுத்து விட்டால் இன்னும் பரவும். எழுத்துக்குள் இருக்கும் வெள்ளை 0.4 மில்லிமீட்டருக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 60 அலகு வெள்ளை 24 பாயின்டில் 0.51 மில்லிமீட்டர், 18 பாயின்டில் 0.38. அதாவது இந்த எழுத்தை 20 பாயின்டுக்குக் கீழே கொண்டுபோகவே கூடாது. சேர்மானங்கள், 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண், எடை, தேதி ஆகியவற்றை எளிய மெல்லிய எழுத்தில் போடுங்கள். சட்டம் கேட்கும் அந்த விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ கட்டாயம் இருக்க வேண்டும், தமிழ் கூடுதலாக. ‘கருப்பட்டி’யை மேலே, ‘மிட்டாய்’ கீழே என்று இரண்டு வரியாக அடுக்கினால் மேல் வரியின் ‘ரு’ இறங்கும் இடமும் கீழ் வரியின் விசிறி, புள்ளிகள் எழும் இடமும் மோதும். கீழ் வரியை இடமோ வலமோ நகர்த்தி, இறக்கத்துக்குக் கீழே தட்டையான எழுத்து வரும்படி செய்தால் வரிகளை நெருக்கி அடுக்கலாம்.

பெயர்ப்பலகைக்குத் தமிழ் முதலில், பெரிதாக. தமிழ், ஆங்கிலம், பிற மொழி 5:3:2 என்பது இங்கே அரசு சொல்லும் விகிதம். ஆங்கிலத்துக்கு 10 அடித் தொலைவுக்கு 1 அங்குல உயரம் என்று கணக்கு வைப்பார்கள். தமிழுக்கு 7, 8 அடிக்கு 1 அங்குலம் வையுங்கள், அதையும் ‘ப’வின் உயரமாக அளந்து. புள்ளியின் உச்சியிலிருந்து ‘ரு’வின் அடிவரை அளந்து “ஒரு அடி எழுத்து” என்று சொன்னால் உண்மை எழுத்து ஏழு, எட்டு அங்குலத்தில்தான் வந்து நிற்கும். ஆர்டர் கொடுக்கும்போது இதை எழுதியே கொடுங்கள்.

உள்ளே விளக்கு வைத்த அக்ரிலிக் எழுத்தென்றால் ‘ப’ 12 அங்குலமாக இருக்கையில் அதன் கோடு 71 மில்லிமீட்டர், ‘ண’வின் கோடு 53, சுழிக்குள் வெள்ளை 30. எல்இடி மாட்யூல் தாராளமாக அமரும். 6 அங்குலத்தில் ‘ண’வின் கோடு 27 ஆகச் சுருங்கும். மாட்யூலும் பக்கச் சுவரும் நெருங்கி, வெளிச்சம் பொட்டுப் பொட்டாகத் தெரியும். அந்த அளவுக்கு உள்விளக்கு வேண்டாம். எழுத்தின் பின்னால் சுவரில் ஒளி விழும்படி வைத்துவிடுங்கள்.

முப்பரிமாணத் தமிழ்ப் பலகையில் முதலில் போவது புள்ளி. அது தனித்துண்டு, ஒரே ஆணியில் நிற்கிறது, ஆனி ஆடியில் மேற்கேயிருந்து வீசும் காற்று அதைத் திருகி எடுத்துவிடும். ‘ண்’ புள்ளி விழுந்த மறுநாள் பலகை ‘அணணாச்சி’ என்று நிற்கும். புள்ளிக்கு இரண்டு ஆணி, தனி விளக்கு வயர், பின்புறம் எழுத்தோடு சேர்த்துப் பிடிக்கும் 3 மில்லிமீட்டர் தெளிந்த அக்ரிலிக் பட்டை ஒன்று. கொம்புகள் தனித்துண்டாக இருந்தால் அவற்றுக்கும் அப்படியே. ஒரு புள்ளியைக் கூடுதலாக வெட்டிக் கடை அலமாரியில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பிறகு வெட்டினால் நிறம் ஒத்துவராது.

பலகைக்குச் சொல்லும் முன் பெயரை உண்மை அளவில் காகிதத்தில் அச்சடித்து, கடைச் சுவரில் ஒட்டி, சாலையின் எதிர்ப்பக்கத்திலிருந்து ஒருமுறை பகலிலும் ஒருமுறை தெருவிளக்கு எரிந்த பிறகும் பாருங்கள். ‘ண’வில் மூன்று சுழியும் எண்ண முடிந்தால் வெட்டக் கொடுக்கலாம்.